பிஸ்கட் டின்னுக்குள் பிரிக்காத கடிதங்கள்

போன இதழில் அடகுக்கடையைப் பற்றி ரெண்டே வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால் இந்த மாதம் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது. எல்லாமே கடன் தொல்லைதான். ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றிவிட்டேன். நான் வக்கீலும் இல்லை, பேங்க்காரனும் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து சம்பளம் போட்டவன், ஒரு காலத்தில் நானே கடனில் மாட்டியவன், அவ்வளவுதான் என் தகுதி.

"ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் தொழிற்சாலையில், நான் பள்ளிக் கேன்டீனில். ரெண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 4,100 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது (அவருடைய ஓவர்டைம் ஒரு 500 அதில் அடக்கம்). வீட்டுக்கு 450, காடிக்கு (காருக்கு) 620, பெர்சனல் லோனுக்கு 640 கட்டுகிறோம். ரெண்டு கிரெடிட் கார்டு, ஒன்றில் 9,800, இன்னொன்றில் 6,400 நிற்கிறது. மினிமம் தவறாமல் கட்டிவிடுகிறோம். சாப்பாடு, பள்ளி பஸ், பெட்ரோல், மாமியார் மருந்து, கரண்ட் தண்ணி எல்லாம் 2,180 ஆகிறது. பற்றாததற்குக் கார்டையே தேய்க்கிறோம். பேங்க் கடிதங்களை நான் பிரிப்பதில்லை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். தாலிச் சங்கிலி அடகில் இருப்பது அவருக்குத் தெரியாது. வெளியாளிடம் போய்ச் சொல்லும் அளவுக்கு நாம் இன்னும் கெட்டுப்போகவில்லை என்கிறார் அவர். எந்தக் கட்டத்தில் வெளியாள் உதவி தேட வேண்டும்?"

தங்கச்சி, அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, உங்கள் கணக்கே அதைத்தான் சொல்கிறது.

கார்டு ரெண்டும் சேர்ந்து 16,200. மினிமம் என்பது பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது 490-ம் 320-ம், மொத்தம் 810. நீங்கள் தவறாமல் கட்டுவதால் வட்டியை வருஷத்துக்கு 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம் (நம் மலேசியாவில் கார்டு வட்டி, ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 15, பிறகு 17, அடிக்கடி தவறுகிறவருக்கு 18 என்று மூன்று படியாக இருக்கிறது). மாதத்துக்கு ஏறக்குறைய 203 வெள்ளி வட்டிக்கே போய்விடும். மீதி 607-தான் அசலில் கழிகிறது. இப்போது பசாருக்கும் மளிகைக்கும் எவ்வளவு தேய்க்கிறீர்கள்? 4,100-இல் கடன்களுக்கு 2,520 போனால் 1,580 மிச்சம், வீட்டுச் செலவு 2,180, ஆக மாதம் 600 துண்டு விழுகிறது. 607-ஐ அடைத்துவிட்டு 600-ஐ ஏற்றுகிறீர்கள். எண்ணூற்றுப் பத்து வெள்ளி கட்டின மாதத்திலும் கடன் ஏழே ஏழு வெள்ளிதான் குறைகிறது! "தவறாமல் கட்டுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மைதான், பேங்க்கும் அதையே சொல்லும், உங்கள் பெயரில் ஒரு கரும்புள்ளியும் இருக்காது. ஆனால் அது கட்டுவது இல்லை, அதே குழியில் நின்றுகொண்டிருப்பது.

அதனால் தவணை தவறிய பிறகுதான், நோட்டீஸ் வந்த பிறகுதான் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடனைக் கட்டக் கடன் வாங்கினால், அல்லது சாப்பாட்டைக் கடனில் வாங்கி அந்தக் கடனை மாதக் கடைசியில் முடிக்க முடியாமல் போனால், அதுவும் ரெண்டு மூன்று மாதமாக நடந்தால், அப்போதே போக வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதைக் கணக்கில் எழுத முடியாது: மறைப்பது. நீங்கள் சங்கிலியை மறைத்துவிட்டீர்கள், கடிதங்களை உங்களிடமிருந்தே மறைத்துக்கொண்டீர்கள். அவர் எதை மறைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மறைக்காமல் இருப்பார் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

எங்கே போவது? ஏகேபிகே. நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. ஈப்போவில் கிளை இருக்கிறது, நேரில் போக முடியாவிட்டால் ஆன்லைனிலேயே நேரம் எடுத்துக்கொள்ளலாம். அடையாளக் கார்டு, சம்பள ஸ்லிப், கார்டு ஸ்டேட்மென்ட், லோன் கடிதங்கள், கரண்ட் பில் வரைக்கும் எடுத்துப் போங்கள். அந்த பிஸ்கட் டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு போனாலும் சரி.

அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் கடனை இல்லை, மிச்சத்தை. குடும்பச் செலவு போக கடனுக்கென்று எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பார்ப்பார்கள். கடன் நிர்வாகத் திட்டத்துக்கு நீங்கள் பொருந்தினால் அந்தத் தொகையை வைத்து பேங்க்குகளிடம் பேசி, வட்டியைக் குறைக்கவும் காலத்தை நீட்டவும் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக மாற்றப் பார்ப்பார்கள். பத்து வருஷம் வரைக்கும் நீட்டலாம். பதிலுக்கு கார்டுகள் செத்தன, புதுக் கடன் எடுக்க முடியாது, நீங்கள் திட்டத்தில் இருப்பது பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டிலும், அதாவது சிசிஆர்ஐஎஸ்ஸிலும், தெரியும். சும்மா கிடைக்கிற விஷயம் இல்லை.

இங்கேதான் உங்கள் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் 4,100-இல் வீட்டுச் செலவு 2,180 போனால் 1,920. வீடு, காடி ரெண்டுக்கும் 1,070 போனால் 850. இப்போது கார்டுக்கும் பெர்சனல் லோனுக்கும் நீங்கள் கட்டுவது 1,450. இந்த 850-ஐக் காட்டிப் பேரம் பேச இடம் இருக்கிறது. நாளைக்கே தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தினால்? 350. அதை வைத்து ரெண்டு கார்டையும் ஒரு லோனையும் யாராலும் அடுக்க முடியாது. இன்னும் ஒரு லோனை எடுத்து அந்தத் தவணையும் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை. மிச்சம் இல்லாதவருக்குத் திட்டம் போட அவர்களிடமும் மந்திரம் கிடையாது. "இன்னும் கெட்டுப்போகவில்லை" என்கிறாரே, அதனாலேயேதான் இப்போது போக வேண்டும். முழுக்கக் கெட்ட பிறகு போனால் அனுதாபம் கிடைக்கும், திட்டம் கிடைக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2008 வாக்கில் என்னிடம் மூன்று கார்டு. மகள் படிப்பு, தங்கை கல்யாணம், அப்புறம் கொஞ்சம் பவுசு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சம்பளம் போடுகிற கிராணிக்கே கணக்குத் தெரியவில்லை என்றால் தோட்டமே சிரிக்கும் என்று பயந்து ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒரு பேங்க்கில் போய்த் தவணையைக் குறைத்துக் கேட்டதற்கு, அங்கே இருந்த பையன் இன்னொரு கார்டுக்கு ஃபாரத்தை நீட்டினான். நானும் கையெழுத்துப் போட்டேன்! மனைவியின் வளையல் ரெண்டும் போன பிறகுதான் ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். எதிரே உட்கார்ந்த பெண் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "மொத்தக் கடன் எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள்" என்று மலாயில் சொன்னாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த எண் தெரியாது. கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றை எழுதினேன். பதினோராயிரம் குறைத்து எழுதியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால் இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஒரு 555 நோட்டை எடுங்கள். நம் அம்மாமார்கள் கடையில் பற்று எழுதி வாங்குவார்களே, அதே சின்ன நோட்டுதான். சம்பள நாளில் கடைக்காரர் ஆபீஸ் வாசலிலேயே காத்திருப்பார், கடன் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும், ஏனென்றால் ரெண்டு பேர் கையிலும் நோட்டு இருக்கும். டின்னைத் திறந்து ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். சங்கிலியையும் எழுதுங்கள். அடகுக்கடை வட்டி மாதம் 2 விழுக்காடு, தவணை ஆறு மாதம், அதற்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ இல்லையென்றால் நகை ஏலத்துக்குப் போய்விடும். அடகுச் சீட்டின் தேதியைப் பார்த்தீர்களா? வீட்டுக்காரர் கோபப்படுவார், பரவாயில்லை, ஏலத்துக்குப் போன பிறகு தெரிந்தால் இதைவிடக் கோபப்படுவார்.

ரெண்டு விஷயத்தை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். கார்டைக் கட்டுவதற்காக காடித் தவணையை நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்து ரெண்டு மாதம் தவறினால் நோட்டீஸ் விடலாம், நோட்டீஸுக்குப் பிறகு 21 நாள்தான், அதன் பிறகு இழுத்துப் போகலாம் (விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு வேண்டும், அது வேறு). காடி போனால் வேலைக்கு எப்படிப் போவது? இன்னொன்று கேடபிள்யூஎஸ்பி பணம், அதாவது ஊழியர் சேமநிதி. 2024 மே மாதத்திலிருந்து ஃபிளெக்ஸிபிள் கணக்கு என்று ஒன்று வந்து, அதில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. கார்டை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அதை எடுத்துக் கார்டில் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. முதலில் ஓட்டையை அடையுங்கள், பிறகு அந்தப் பணத்தைத் தொடலாமா என்று ஆலோசகரிடமே கேளுங்கள்.

அப்புறம் "திவால்" என்ற சொல் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது. ஒருவரைத் திவாலாக்க வழக்குப் போட வேண்டுமென்றால் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். முன்பு 30,000 இருந்தது, 2017-இல் 50,000 ஆக்கினார்கள், இப்போது ஒரு லட்சம். உங்கள் கார்டுகளின் 16,200-க்கு அந்தப் பயம் வேண்டாம், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கே போட மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பணத்துக்காக வழக்குப் போடலாம், போடுவார்கள்.

"அண்ணன் மகன் காடி வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான், போன் எடுப்பதில்லை. இப்போது எனக்குக் கடிதம் வருகிறது. நான் ஓய்வு பெற்ற தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்). என்னைத் திவாலாக்கிவிடுவார்களா?"

அண்ணே, அந்த ஒரு விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன், படிப்புக் கடன், இவற்றுக்கு லாபம் எதிர்பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரை "சமூக ஜாமீன்தாரர்" என்று சட்டம் சொல்கிறது. 2017 அக்டோபர் 6-க்குப் பிறகு அப்படிப்பட்டவர் மேல் திவால் வழக்குத் தொடர முடியாது. ஆனால் காசு கேட்டு வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம். அதனால் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கோர்ட் சம்மன் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். போகாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும், அதுதான் நம்மவர்கள் நிறையப் பேருக்கு நடக்கிறது. அண்ணன் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். குடும்பம் உடைந்துவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், அந்தப் பயத்தை அவர்களும் கொஞ்சம் சுமக்கட்டுமே.

"ஆலோங்கிடம் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம்) 1,000 கேட்டேன், 800-தான் கையில் கொடுத்தான், வாரம் 150 கட்டுகிறேன், எட்டு வாரமாகியும் அசல் அப்படியே இருக்கிறது என்கிறான். என் ஏடிஎம் கார்டும் அவனிடம். வயது 24, செம்பனைத் தோட்டத்தில் வேலை. அம்மாவுக்குத் தெரியாது. சில நாள் ராத்திரி வேற மாதிரி எண்ணமெல்லாம் வருகிறது."

தம்பி, கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த எண்ணம் வருகிற ராத்திரி யாரிடமாவது பேசு. பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். எண்ணூறு வெள்ளிக்கு உன் அம்மா உன்னை இழக்க வேண்டுமா? நீ ஏற்கெனவே 1,200 கட்டிவிட்டாய்.

இனி காரியம். பேங்க்குக்கு இன்றே போன் பண்ணி அந்தக் கார்டை முடக்கு, அப்புறம் நேரில் போய்ப் புதுக் கார்டு வாங்கு, ரகசிய எண்ணையும் மாற்று, முடிந்தால் சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றித் தரும்படி ஆபீசில் கேள். கிராணி ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல், எங்களுக்கு இது புதுசு இல்லை. போலீசில் ரிப்போர்ட் செய். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம், அந்தக் கடனைக் கோர்ட் மூலம் வசூலிக்கவும் அவனால் முடியாது. லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்காரர்களுக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. 800-க்கு வாரம் 150 என்றால் உன் ஆள் ஒரே வாரத்தில் அதைத் தாண்டிவிட்டான்.

சட்டம் உன் பக்கம் இருந்தாலும் அவன் வாசலில் வந்து சிவப்புச் சாயம் ஊற்றலாம், அது எனக்கும் தெரியும். அதனால் அவன் வருவதற்கு முன்னால் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவனுடைய பலமே அவளுக்குத் தெரியாது என்பதுதான். மிரட்டல் செய்திகளை அழிக்காதே, படம் பிடித்து வை. இவனை அடைக்க இன்னொருவனிடம் மட்டும் போகாதே. ஏகேபிகே இந்தக் கடனைத் திட்டத்தில் சேர்க்காது, ஆனால் உனக்கு மோட்டார் கடனோ கார்டோ இருந்தால் அதைச் சரிசெய்ய உதவும், அங்கே மூச்சு விட இடம் கிடைத்தாலே இங்கே நிற்க முடியும். அடுத்த வாரம் எனக்கு ஒரு வரி எழுது.

"ஃபேஸ்புக்கில் 'உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், பெயரைச் சுத்தம் செய்கிறோம்' என்று தமிழிலேயே விளம்பரம். முன்பணம் 1,500 கேட்கிறார்கள். நம்பலாமா?"

வேண்டாம். ஏகேபிகே இலவசமாகச் செய்கிற வேலைக்குக் கடனில் மூழ்குகிறவனிடமே முன்பணம் கேட்பவரை நான் நம்ப மாட்டேன். சிசிஆர்ஐஎஸ் பதிவைக் காசு வாங்கிக்கொண்டு யாரும் சுத்தம் செய்ய முடியாது. அது கடைசி 12 மாதத்தில் நீங்கள் கட்டியதையும் கட்டாததையும் காட்டுகிறது, ஒழுங்காகக் கட்டினால் மாதாமாதம் தானாகவே சுத்தமாகும். ஏற்கெனவே பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிக்காமல் 997-க்குக் கூப்பிடுங்கள், மோசடிக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"கிரெடிட் கார்டை அடைக்க எங்கள் லயத்துப் பெண்கள் கூட்டு (சீட்டு) கட்டுகிறோம். பத்துப் பேர், மாதம் 300. முதல் கூட்டை நானே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நல்ல யோசனைதானே?"

கூட்டு நம்முடைய பழக்கம், அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத்துச் சனங்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் போட்டார்கள், தோட்டமே வாங்கினார்கள். ஆனால் அது பதிவு பெற்ற சங்கம். லயத்துக் கூட்டுக்குக் காகிதம் கிடையாது. கூட்டு நடத்துவதைத் தொழிலாக்கினால் குற்றம் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அதன் பெயரிலேயே நம் "கூட்டு" என்ற சொல்தான் இருக்கிறது, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

நீங்கள் முதல் கூட்டை எடுத்தால் 3,000 கைக்கு வரும், கார்டில் போடலாம், வட்டி மிச்சம். பிறகு ஒன்பது மாதம் 300 கட்டியே ஆக வேண்டும், கார்டுக்காவது தாமதக் கட்டணத்தோடு போய்விடும், இங்கே தவறினால் ஒன்பது பேர் முகத்தில் விழிக்க முடியாது. அந்த 300 உங்களிடம் மாதாமாதம் நிச்சயமாக இருக்கிறதென்றால், நேரடியாகக் கார்டிலேயே கட்டிவிடலாமே? இல்லையென்றால் கூட்டிலும் சேரக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன கேள்வி, மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: மலாய் சரியாக வராது, அங்கே போனால் என்ன பேசுவது? நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சம்பள ஸ்லிப்பைக் காட்டக் கூச்சப்படாத ஆளாகப் பாருங்கள். ஐந்தாம் பாரம் படிக்கிற மகளை மட்டும் மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். போன மாதம் ஈப்போ பஸ்ஸில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தேன், பள்ளிச் சட்டையோடு, மடியில் அப்பாவின் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு கைப்பேசிக் கால்குலேட்டரில் எதையோ திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது.